லட்சுமி ஏறின கதிர்

கீழப்பாலூர்,
நீடாமங்கலம் வழி.
28.8.2024

அன்புள்ள அக்காவுக்கு, துர்கா எழுதுறது. நான் இங்க நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்க? அப்பாவுக்கு இருமல் கொறஞ்சிதா? மாத்திரைய முழுங்குறாரா, இல்ல தலகாணிக்கு அடியில ஒளிச்சி வைக்கிறாரா?

கடுதாசியப் பாத்ததும் தூக்கிவாரிப் போட்டிருக்கும் உனக்கு. கையில போன வச்சிக்கிட்டு எதுக்குடி கடுதாசின்னு கேப்ப. எல்லாம் எங்க மாமனாரு வேலதான். போஸ்ட்மேனா இருந்து ரிடையர் ஆனவரில்ல? "போன்ல பேசுறது காத்தோட போயிடும்மா, எழுதுனாதான் நிக்கும்"னு சொல்லி இன்லாண்டு லெட்டரா வாங்கி அடுக்கி வச்சிருக்காரு. போன்ல பேசுனா மட்டும் என்ன வாழுது? அத்தை ஸ்பீக்கரப் போடச் சொல்லி பக்கத்துல ஒக்காந்துக்குவாங்க. இத எழுதி முடிச்சதும் மாமா கையில குடுக்கணும். சத்தமா படிச்சிட்டு அவரே ஒட்டி பெட்டியில போடுவாரு. உன் பதிலும் சாப்பாட்டுக்கு முன்னாடி நடுவூட்டுல வச்சிப் படிக்கப்படும். அதனால நான் சின்னதுல பண்ண மானக்கேட்ட எல்லாம் எழுதித் தொலைக்காத.

நீ சீரா குடுத்தனுப்பின விதை நெல்ல அத்தை மஞ்சத்தண்ணி தெளிச்சி சாமி ரூம்புல வச்சாங்க. பொண்ணோட விதை நெல்லு அனுப்புற பழக்கம் இந்தப் பக்கம் இல்லியாம். "உங்க ஊருல நல்ல பழக்கம் வச்சிருக்கீங்க"ன்னு சொல்லி சந்தோசப்பட்டாங்க. வாசலுக்கு எதுர இருக்குற வயலு முழுக்க நம்ம விதைதான். நேத்து நாத்தங்கால்ல விட்டாச்சு. மீந்தத பக்கத்து வூட்டு நல்லமுத்து அண்ணன் கேட்டு வாங்கிட்டுப் போனாரு.

நடவுக்கு மட்டும் அத்தை நாளு பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. புது மருமக கால் வச்ச மொத வருசம், மேல்நோக்கு நாளா இருக்கணும், அவருக்கு சந்திராஷ்டமமும் இருக்கக் கூடாதாம். பாப்போம்.

அப்பாவ திட்டாம பாத்துக்க.

உன் தங்கச்சி,
துர்கா

*

விருத்தாசலம்
15.9.2024

அன்பு தங்கச்சி துர்காவுக்கு அமுதவள்ளி எழுதுறது. நானும் அப்பாவும் ஏதோ இருக்கோம். மாமா, அத்தை, மாப்ள எல்லாருக்கும் எங்க வணக்கத்த சொல்லு. சொல்றது என்ன, இதப் படிக்கும்போதே கேட்டுக்கிட்டுதான் இருப்பாங்க. வணக்கம் மாமா. வணக்கம் அத்தை.

கடுதாசி எழுதி எத்தினி வருசம் ஆச்சு. பீங்கான் கம்பெனியில களிமண் கூழ அச்சுல ஊத்தி ஊத்தி மணிக்கட்டு பேனா புடிக்க மாட்டேங்குது. இந்த மழக்காலம் வந்தா எங்க பொழப்பு நாறிப் போவுது. அச்சு காய்ஞ்சாதான அடுத்த ஊத்து? வெயிலே இல்ல. ஈரத்தோட அடுக்கி வச்ச அச்சு மேல கருப்பா பூசணம் பூத்துக் கெடக்குது. அதத் தொடைக்கிறதுக்கும் நான்தான் ஆளு. கம்பெனியில மேஸ்திரி பேச்சு, வூட்டுக்கு வந்தா அப்பா பேச்சு, ஞாயித்துக்கெழமையாவது ஒக்காரலாம்னா கம்மாபுரத்து நெலம் கூப்புடுது. அந்த நெலத்தையும் நிலக்கரி சுரங்கத்துக்கு எடுக்கப் போறாங்கன்னு இந்த வருசமும் பேச்சா கெடக்குது. எடுத்தா எடுக்கட்டும், எடுக்காட்டி உழுவுறேன். எனக்கு அலுத்துப் போச்சுடி.

விதை நெல்லு பத்தி அத்தை சந்தோசப்பட்டாங்கன்னு கேட்டதும்தான் மனசு நெறஞ்சிது. சும்மா மூட்டையில இருந்து அள்ளிக் குடுத்தேன்னு நெனச்சிக்காதீங்க அத்தை. போன அறுப்புல வயலு பூரா நடந்து, மஞ்ச மஞ்சயா லட்சுமி ஏறின கதிரா பாத்துப் பாத்து ஒடிச்சித் தனியா அடிச்சி வச்ச நெல்லு அது. கதிர்ல அந்த மஞ்ச உருண்டை வந்த வருசம் வெளைச்சலுக்குக் கொறவே இருக்காதுன்னு எங்கம்மா சொல்லும். அம்மா போனப்புறம் இவள தூக்கி வளத்தவ நான். தங்கச்சி போற எடத்துல லட்சுமியும் கூடவே போவட்டும்னுதான் அனுப்பினேன்.

நாளு பாத்து நடுங்க, ஆனா நாத்து முத்திடாம பாத்துக்குங்க.

உன் அக்கா,
அமுதவள்ளி

*

கீழப்பாலூர்
25.11.2024

அன்புள்ள அக்காவுக்கு, துர்கா. இங்க எல்லாரும் சுகம். அங்க எப்படி? மழையில நம்ம தெருவுல தண்ணி நிக்கும், அப்பாவ வழுக்கி வுழாம பாத்துக்க.

பதில் போட நாளாயிடுச்சு. கோவிச்சுக்காத. நடவு வேலைக்கே நேரம் சரியாப் போச்சு. ஒரு நாளு குறிச்சா அன்னிக்கு அவருக்கு சந்திராஷ்டமம், இன்னொரு நாளு குறிச்சா தெருவுல ஒரு சாவு. இப்பிடியே தள்ளிப் போயி தீவாளி கழிச்சிதான் நட்டோம். நாத்து முட்டிக்கு மேல வளந்து நின்னுது. மொத நாத்து முடிய நான்தான் நட்டேன். அத்தை என் கையப் புடிச்சி எறக்கி விட்டாங்க. தெருவே நின்னு பாத்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு.

நல்லமுத்து அண்ணன் நாளும் பாக்கல, கெழமையும் பாக்கல, மழ பேஞ்ச மறுநாளே நட்டுட்டாரு. அவரு பயிரு இப்ப கதிரு வாங்கப் போவுது. நம்மளுது பின்தங்கிட்டுதேன்னு உங்க மாப்ளைக்கு ஆத்தாமை. யூரியாவ வாங்கியாந்து வீசு வீசுன்னு வீசினாரு. இப்ப போயி பாக்கணும்க்கா, கரும்பச்சையா மதமதன்னு நிக்குது. மழையும் விட்டு விட்டுப் பேயுது, விட்ட நேரத்துல பனி. பகலு பன்னெண்டு மணிக்குப் போனாலும் இலை நனைஞ்சே இருக்குது. பாவாட நனையாம வரப்புல நடக்க முடியல.

அத்தை தெனமும் வாசல்ல நின்னு அந்த வயலப் பாத்து திருஷ்டி கழிக்கிறாங்க. எனக்கும் சேத்துத்தான். ஆரு சொன்னா மாமியாருன்னா பூதம்னு? (இந்த வரிய மாமா ரெண்டு தடவ படிப்பாரு பாரு.)

உன் மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு.

துர்கா

*

கீழப்பாலூர்
5.1.2025

அன்புள்ள அக்காவுக்கு, துர்கா எழுதுறது. நாங்க எல்லாரும் ரொம்ப ரொம்ப நல்லா இருக்கோம். நீயும் அப்பாவும் நல்லா இருக்கணும்.

அக்கா, லட்சுமி வந்துட்டா!

முந்தாநாளு காலையில கோலம் போட்டுட்டு நிமிந்தா, வாசல் வயல்ல கதிருக்குக் கதிரு மஞ்ச உருண்டை. கோலிக்குண்டு கணக்கா, வெல்வெட்டு துணி சுத்தினாப்புல. நம்மூர்ல ஒண்ணு ரெண்டுதான வரும்? இங்க வயலு பூரா. நான் கத்துன கத்துல அத்தை பல்லு வெளக்குனது வெளக்குனபடி ஓடியாந்தாங்க. அங்கயே நின்னு அழுதுட்டாங்கக்கா. தேங்கா ஒடைச்சி, கற்பூரம் கொளுத்தி, அந்தக் கதிர்ல நாலஞ்ச ஒடிச்சி சாமி மாடத்துல கட்டித் தொங்கவிட்டிருக்கு. தெருவுல எல்லாரையும் கூட்டியாந்து காட்டுறாங்க. "எம் மருமக ராசி, பொறந்த வூட்டு லட்சுமிய கையோட கூட்டியாந்துட்டா"ன்னு சொல்றாங்க. அந்தி வெளக்க இனிமே நான்தான் ஏத்தணுமாம்.

நல்லமுத்து அண்ணன் வயல்ல ஒரு உருண்டை கூட இல்ல. நடுவுல மழ விட்ட சமயத்துல அவருக்குப் பூ பூத்துப் பாலும் பிடிச்சிடுச்சு. "எனக்கும் அதே விதைதான, எங்கூட்டுக்கு ஏன் லட்சுமி வரல"ன்னு கேட்டாரு. "நாளு பாக்காம நட்டா எப்பிடி வருவா?"ன்னு அத்தை ஒரு போடு போட்டாங்க பாரு.

பொங்கலுக்கு நீ சீர் எடுத்துட்டு வரலன்னாலும் பரவால்ல. இதுக்கு மேல என்ன சீர் வேணும்?

துர்கா

*

விருத்தாசலம்
20.1.2025

அன்பு தங்கச்சி துர்காவுக்கு அமுதவள்ளி எழுதுறது. இங்க அப்பாவுக்கு சளி கட்டியிருக்குது, மத்தபடி சுகம். அங்க மாமா, அத்தை, மாப்ள, நீ எல்லாரும் சுகம்தான?

உன் கடுதாசிய நாலு வாட்டி படிச்சேன். கம்பெனியில ஒருத்தி விடாம சொல்லிட்டேன். ஆனா ஒரு விசயம் எழுதணும், அத எப்பிடி எழுதுறதுன்னு தெரியாமதான் இத்தினி நாளு போச்சு.

நம்ம நெலத்துலயும் இந்த வருசம் லட்சுமி வந்திருந்துது. மழ நிவாரணத்துக்கு எழுதிக் குடுக்க கம்மாபுரம் வேளாண்மை ஆபீசுக்குப் போனப்போ, பெருமையா ஒரு கதிர ஒடிச்சிக்கிட்டுப் போனேன். அங்க வேல்விழின்னு ஒரு பொண்ணு, புதுசா வந்திருக்குற ஆபீசரு, உன் வயசுதான் இருக்கும். கதிரப் பாத்ததும் மூஞ்சி மாறிடுச்சு. "இது லட்சுமி இல்லக்கா, நெல்லுப்பழ நோயி. பூசணம்"னுச்சு. உருண்டைய லேசா நசுக்குனா வெரலெல்லாம் பொடி. மொதல்ல மஞ்சளா இருந்து, அப்புறம் பச்சையா மாறி, கடைசியில கருத்துப் போவுமாம். அந்தப் பொடி ஒவ்வொண்ணும் பூசணத்தோட ஒரு வித்தாம். மண்ணுலயும் கெடக்கும், காத்துலயும் பறக்கும், வெதையிலயும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வருமாம். வெதைய மட்டும் வச்சி நோயி வந்துடாது, அது சின்னப் பங்குதான்னு சொல்லுச்சு.

அது சும்மா கெடக்குற வரைக்கும் ஒண்ணும் பண்ணாதாம். நடவு பிந்திப் போயி, யூரியா கூடிப் போயி, கதிரு வெளிய வராம தொண்டையில இருக்குற நேரத்துல மழையும் பனியுமா ஈரம் காயாம நின்னா அப்பத்தான் மொளைக்குமாம். அதக் கேட்டதும் எனக்கு எங்க கம்பெனி அச்சுதான் ஞாபகம் வந்துச்சு. வெயில்ல காயவச்ச அச்சுல ஒண்ணும் பூக்கறதில்லியே. கதிரு வெளிய வர்றதுக்கு முன்னாடியே மருந்து அடிச்சிருக்கணும், பூத்தப்புறம் அடிச்சிப் பிரயோசனம் இல்லன்னு சொல்லுச்சு.

அதனால அந்த வயல்ல இருந்து விதைக்கு எடுக்க வேணாம். மாடத்துல கட்டின கதிரையும் அவுத்து எரிச்சிடுங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன். அத நெனச்சா எனக்கு மனசே சரியில்ல.

அக்கா,
அமுதவள்ளி

*

கீழப்பாலூர்
29.1.2025

அன்புள்ள அக்காவுக்கு துர்கா எழுதிக்கொள்வது. இவ்விடம் மாமா, அத்தை, அவர், நான் அனைவரும் நலம். அவ்விடம் நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. எப்போதும் போல் நடுவீட்டில் படிக்கப்பட்டது. நாள் பார்த்து நட்டதையும் யூரியா போட்டதையும் குறை சொல்லி எழுதியிருப்பதாக அத்தை வருத்தப்பட்டார்கள். பெண் வாழப் போன வீட்டு லட்சுமியைப் பூசணம் என்று சொல்வது சம்பந்தி வீட்டுக்கு அழகில்லை என்றார்கள். மாடத்துக் கதிர் அப்படியே இருக்கிறது.

இனிமேல் வயல் பற்றி எழுத வேண்டாம். அப்பா உடம்பைப் பற்றி எழுது.

துர்கா

*

விருத்தாசலம்
16.2.2025

அன்பு தங்கச்சி துர்காவுக்கு அமுதவள்ளி எழுதுறது. அப்பா பரவால்ல. நீ எப்படி இருக்க?

தவளை தன் வாயால கெடுங்குற கதையாப் போச்சு என் கதை. சத்தியமா யாரையும் குத்திக் காட்டணும்னு எழுதலடி. அந்தப் பொண்ணு ஆபீசரு சொன்னத சொன்னபடி எழுதினேன். எழுதும்போது உங்கூட்டு நடவும் யூரியாவும் என் புத்தியில வரவே இல்ல. தபால் பெட்டியில போட்டுட்டு வூட்டுக்கு நடந்து வரும்போதுதான் ஒவ்வொண்ணா வந்து உறைச்சிது. பெட்டிக்குள்ள கைய விட்டு எடுக்கவா முடியும்? அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. மாமா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.

உனக்கு போன் போட்டேன். மூணு தடவையும் மாப்ளதான் எடுத்தாரு. "தோட்டத்துல இருக்கா", "தலை குளிக்கிறா", "தூங்குறா"ன்னாரு. சாயங்காலம் வெளக்கு வைக்கிற நேரத்துல நீ தூங்க மாட்டியே.

அறுப்பு ஆயிடுச்சா? வயலப் பத்தி எழுதாதன்னு சொல்லிட்ட. அதனால கேக்கல. நீ எப்படி இருக்கன்னு மட்டும் கேக்குறேன். நீளமா எழுது. இங்க கம்பெனியில இருந்து வந்து படியில ஒக்காந்தா, எழுந்து ஒல வைக்கக்கூட தோண மாட்டேங்குது. உன் கடுதாசி வந்தாதான் எழுந்திருக்கத் தெம்பு வருது.

அக்கா

*

கீழப்பாலூர்
27.2.2025

அன்புள்ள அக்காவுக்கு துர்கா எழுதிக்கொள்வது. மாமா நலம். அத்தை நலம். அவர் நலம். நானும் நலம். அப்பாவுக்கு என் வணக்கம்.

அறுப்பு முடிந்தது. நெல் பாதிக்கு மேல் பதராகிவிட்டது. இருந்ததும் கருத்துக் கிடந்ததால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறுக்கும்போது கரும்புகை மாதிரி பொடி கிளம்பியதில் மெஷின்காரர் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டாராம். நான் பார்க்கவில்லை. நான் வயலுக்கும் களத்துக்கும் போவதில்லை. வீட்டுக்குள்ளேயே வேலை இருக்கிறது.

அந்தி விளக்கை அத்தையே ஏற்றிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வேலை மிச்சம். அடுத்த நடவுக்கு முதல் முடி நட நாத்தனாரை வரச் சொல்லியிருக்கிறார்கள். தெருவில் யாராவது வேலைக்குக் கிளம்பும்போது நான் உள்ளே இருந்துகொள்கிறேன். அவர்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

நீ நீளமாக எழுதச் சொன்னாய். எழுத வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நான் நலமாக இருக்கிறேன்.

துர்கா

*

விருத்தாசலம்
6.3.2025

மரியாதைக்குரிய மாமா சுப்புராயன் அவர்களுக்கு, விருத்தாசலம் அமுதவள்ளி வணக்கத்தோட எழுதுறது. நீங்களும் அத்தையும் மாப்ளையும் சுகமா இருக்கணும்.

இந்தக் கடுதாசி உங்க பேருக்குத்தான் வருது. ஆனா எப்பவும் போல நடுவூட்டுல வச்சி, அத்தை காதுல நல்லா வுழுற மாதிரி படிங்க. அது ஒண்ணுதான் நான் கேக்குறது.

என் தங்கச்சி கடுதாசியில ஒரு கொறையும் எழுதல. நலம் நலம்னுதான் எழுதியிருக்கா. ஆனா வெளக்கு ஏத்துற பொண்ணு ஏன் வெளக்கு ஏத்தலன்னு வளத்தவளுக்குத் தெரியாதா மாமா? அவ காலு வச்ச நேரம்தான் வயலு கருத்துப் போச்சுன்னு ஒரு பேச்சு அங்க ஓடுது. எதுக்க வந்தா சகுனம் சரியில்லன்னு ஓடுது. எனக்கு சோறு எறங்கல.

அதனால உண்மைய எழுதுறேன். தப்பு முழுக்க என்னுது. அந்த நோயி விதையில வந்தது. நான்தான் லட்சுமின்னு நெனச்சி, நோயி புடிச்ச கதிராவே தேடித் தேடி ஒடிச்சி, விதை நெல்லா கட்டி அனுப்புனேன். அத நானே செப்டம்பர்ல கடுதாசியில பெருமையா எழுதியிருக்கேன், எடுத்துப் பாருங்க. அத்தை குறிச்ச நாள்ல ஒரு பழுதும் இல்ல. மாப்ள போட்ட உரத்துலயும் பழுதில்ல. வானத்து மேலயும் பழுதில்ல. எல்லாம் அந்த விதைதான். படிக்காதவ செஞ்ச முட்டாத்தனம்.

என்னத் திட்டுங்க. எங்கூட்டு வாசப்படி மிதிக்க மாட்டோம்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். அத்தை நேர்ல வந்து நாலு வார்த்தை கேட்டாலும் நான் தலைய நிமிர மாட்டேன். அவள மட்டும் வெளக்கு ஏத்தவிடுங்க. அவ காலுல ஒண்ணும் இல்ல மாமா. சின்னதுல அந்தக் காலுக்குக் கொலுசு போட்டு நடக்கப் பழக்குனவ நான்.

இப்படிக்கு,
அமுதவள்ளி

*

கீழப்பாலூர்
15.3.2025

அம்மா அமுதவள்ளிக்கு, சுப்புராயன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் உடல்நலத்துக்குக் குறையில்லை. உன் தகப்பனாரை விசாரித்ததாகச் சொல்லவும்.

நீ கேட்டபடி உன் கடிதத்தை நடுவீட்டில் வைத்துச் சத்தமாகவே படித்தேன். படிக்கும்போதே எனக்கு ஒன்று இடறியது. விதை சின்னப் பங்குதான் என்று ஆபீசர் சொன்னதாக ஜனவரியில் நீயே எழுதியிருக்கிறாய். இப்போது எல்லாம் விதை என்கிறாய். ஏன் மாற்றி எழுதினாய் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்காமல் படித்து முடித்தேன். என் மனைவி நீலாவதி, "பார்த்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்றாள். பெரிய பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டாள்.

அப்போது அடுப்படியிலிருந்து துர்கா வெளியே வந்தாள். கையெல்லாம் மாவு. "எங்கக்கா பொய் எழுதியிருக்கு மாமா" என்றாள். இந்த வீட்டுக்கு வந்து அவள் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. "அதே சாக்கு விதைதான நல்லமுத்து அண்ணன் போட்டாரு? அவரு முன்னாடியே நட்டாரு, அளவா உரம் வச்சாரு, மழ விட்டப்போ பூத்துச்சு. அவரு நெல்லுல ஒரு உருண்டை இருந்துச்சா? இதே விதைக்கு அங்க மட்டும் எப்பிடி நோயி வரல?" என்று கேட்டாள்.

நீலாவதி எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப நான் குறிச்ச நாளு தப்புங்குறியா?" என்றாள். அதற்கு உன் தங்கை சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "உங்க நாளு தப்புன்னு நான் சொல்லல அத்தை. என் காலு தப்பில்லன்னு சொல்றேன். அவ்வளவுதான்." அதற்குப் பிறகுதான் என் மகன் பிரவீன்குமார் தரையைப் பார்த்துக்கொண்டே, "யூரியா நான்தான் போட்டேன்" என்றான். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் இப்போது சொன்னான். அவனையும் குறை சொல்லி என்ன, நானும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தேன்.

நீலாவதி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் மாடத்துக் கதிரை அவளே அவிழ்த்தாள். உள்ளங்கை முழுவதும் கரியாக ஒட்டியது. கொல்லைக் குழாயில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள். துர்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பு எதுவும் உடனே எதிர்பார்க்க வேண்டாம். அவள் சுபாவம் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். வேலையில் இருந்தவரை யார் கடிதத்தையும் நான் பிரித்ததில்லை. கார்டில் இருப்பதைக்கூடக் கண்ணை ஓட்டாமல் கொடுத்துவிட்டு வருவேன். அது எனக்கு ஒரு கௌரவம். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்த பெண்ணின் கடிதத்தை மட்டும் பாசம் என்று நினைத்துக்கொண்டு பத்துப் பேர் நடுவில் படித்தேன். அவள் எழுதியதை எல்லாம் நேற்று நினைத்துப் பார்த்தேன். ஜனவரி கடைசியிலிருந்து அவள் பாஷையே மாறியிருக்கிறது. உரக்கப் படித்த எனக்கு அது காதில் விழவில்லை.

நேற்று அவளிடம் ஒரு இன்லாண்டு லெட்டரையும் பசையையும் கொடுத்து, எழுதி நீயே ஒட்டிக் கொடு என்றேன். ஒட்டிக் கொடுத்தாள். இந்தக் கடிதத்தோடு அதையும் நானே பெட்டியில் போடுகிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
சுப்புராயன்

*

அக்கா,

நான் நல்லா இல்ல.

மொத வரியிலயே இத எழுதணும்னு இருந்தேன், எழுதிட்டேன். இத யாரும் படிக்க மாட்டாங்களாம், எழுதி நானே ஒட்டிக் குடுக்கணுமாம். ஒட்டுனப்புறமும் மாமா படிப்பாரோன்னு பயந்துக்கிட்டேதான் எழுதுறேன். அவரு பசைய கையில குடுத்துட்டு, திரும்பிக்கூடப் பாக்காம திண்ணைக்குப் போயிட்டாரு.

நான் தைரியமா பேசினேன்னு அவரு உனக்கு எழுதுவாரு. தைரியமெல்லாம் இல்லக்கா. பேசிட்டு உள்ள போயி மாவுக் கையோட சுவத்தப் புடிச்சிக்கிட்டு நின்னேன். லட்சுமின்னு தூக்கி வச்சி ஆடுனப்போ நானும் கூடச் சேந்து ஆடுனேன் பாரு, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. மஞ்சளா இருந்தப்போ என் ராசி, கருத்தப்பவும் என் ராசி. ரெண்டு வாட்டியும் நான் ஒண்ணுமே பண்ணல.

எனக்காக இனிமே பொய் எழுதாத. பழிய நீ வாங்கிக்கிட்டா அது என் மேல இருந்து எறங்கிப் போயிடும்னு நெனச்சியா? நம்ம ரெண்டு பேரு மேலயும் ஏறி ஒக்காந்துக்கும், அவ்வளவுதான். நீ ஏற்கனவே எத்தினி செமப்ப.

கொஞ்ச நாளு நான் தூங்கணும்க்கா. யாரு எதுக்க வர்றா, யாரு கிளம்புறான்னு பாக்காம வாசப்படியில ஒக்காரணும். அப்பா பக்கத்துல இருக்கணும். உங்க மாப்ள கொண்டாந்து விடுறேன்னு சொல்றாரு. வேணாம்னுட்டேன். நீ வா. இந்தத் தெருவுல நடந்து வந்து, இந்த வாசல்ல நின்னு, துர்கான்னு என்னக் கூப்புடு. எல்லாரும் பாக்க முன்வாசல் வழியா, அவங்க எதுக்கவே நடந்து வரேன். திரும்பி வருவியான்னு அவரு கேட்டாரு. வெளக்கு நான் ஏத்துற வூடா இருந்தா வரேன்னு சொல்லியிருக்கேன்.

கம்பெனியில லீவு குடுக்கலன்னாலும் வந்துடு. சீரு, பழம், பூவுன்னு ஒண்ணும் தூக்கிட்டு வராத. வெறுங்கையோட வா.

துர்கா